எந்த விழாவுக்கு அனுப்பலாம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திரைப்பட விழாக்களைப் பற்றித்தான். குறும்படம் எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். சாலிகிராமத்தில் படத்தொகுப்பும் சப்டைட்டிலும் என் பிழைப்பு. சில வருடங்களாக ஒரு விழாவின் முதல்கட்டத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, வந்து குவியும் படங்களைப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: என் 22 நிமிடக் குறும்படம் பதினான்கு சர்வதேச விருதுகள் வாங்கியிருக்கிறது. ஒரு விழாவின் பெயரிலேயே 'கான்' இருக்கிறது. போஸ்டர் முழுக்க லாரல் என்கிற விருது இலை முத்திரைதான். ஆனால் சென்னையில் எந்தத் தயாரிப்பாளரிடம் காட்டினாலும் "அப்படியா தம்பி" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஏன்?
— வாசகர், திண்டுக்கல்

ப: தம்பி, அந்தப் பதினான்கில் ஒன்றிலாவது உங்கள் படம் ஒரு அரங்கில், உங்களை முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் ஓடியதா? ஓடவில்லை என்றால் அவை விழாக்களே இல்லை. நுழைவுக் கட்டணம் வசூலிப்பதற்காக நடத்தப்படுபவை. மாதாமாதம் விருது, எண்ண முடியாத அளவுக்குப் பிரிவுகள், அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது ஒரு பட்டம். சான்றிதழ் மின்னஞ்சலில் வரும், கோப்பை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். விழாக்களுக்குப் படம் அனுப்பும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளத்தில் நல்ல விழாக்களும் இவையும் ஒரே பட்டியலில் இருப்பதால் புதிதாக வருபவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த "அப்படியா".

அடுத்து, கான். பிரான்ஸில் இருக்கும் ஊர். அந்த ஊரின் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். மே மாதம் நடக்கும் உண்மையான கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு, டைட்டிலையும் சேர்த்து 15 நிமிடத்துக்குள் இருக்கும் படத்தைத்தான் அனுப்ப முடியும். உங்கள் 22 நிமிடப் படத்தை அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கு லா சினெஃப் என்று தனிப் பிரிவு இருக்கிறது. இவை தேர்வுக் குழு பார்த்து எடுப்பவை. இன்னொரு பக்கம், அதே ஊரில் அதே நாட்களில் ஃபிலிம் மார்க்கெட் நடக்கிறது. 1959இல் தொடங்கியது. அங்கே பணம் கட்டி அரங்கை வாடகைக்கு எடுத்து யாரும் தன் படத்தைப் போடலாம். குறும்படங்களுக்கு 'ஷார்ட் ஃபிலிம் கார்னர்' என்று ஒரு மூலை உண்டு, அதிலும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்வதுதான். 'கான் விழாவில் நம்ம ஊர்ப் படம்' என்று செய்தித்தாளில் படித்தால், எந்தக் கதவு வழியாகப் போனது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மார்க்கெட்டுக்குப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் அங்கேதான் சந்திக்கிறார்கள். ஆனால் மார்க்கெட்டில் ஓட்டியதைத் தேர்வு என்று சொல்வது பொய். இந்தத் தொழிலில் அந்தப் பொய் ஒரு போன் காலில் வெளிவந்துவிடும்.

இனி ஒரு விழாவுக்குப் பணம் கட்டும் முன், போன வருடம் எந்த அரங்கில் எந்தப் படங்களைக் காட்டினார்கள், தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் அவர்கள் தளத்தில் பதில் இல்லையென்றால் மூடிவிடுங்கள். இதுவரை கட்டிய கட்டணத்தை எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணத்தில் உங்கள் படத்தின் ஒலியைச் சரிசெய்திருக்கலாம்.

கே: விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்குத்தான் உலக விழாக்கள் என்கிறார்கள். உண்மையா மேடம்?
— வாசகி, கடலூர்

ப: இல்லை. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜ் எந்தத் திரைப்படப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. மேலூர்ப் பக்கத்துக்காரர், சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். சென்னையில் டிவிடி கடையில் வேலை செய்தபடியே உலகப் படங்களைப் பார்த்தார். அவருடைய முதல் படமே 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது.

அதற்காகப் பள்ளி வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். இயக்குநர் பாயல் கபாடியா புனேவில் படித்தவர். மாணவியாக எடுத்த குறும்படம் 2017இல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குப் போனது, 2021இல் அங்கேயே ஆவணப்பட விருது, 2024இல் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்துக்கு அங்கே இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ. கான் முக்கியப் போட்டிக்கு 30 வருடம் கழித்துப் போன இந்தியப் படம் அது. அதே 2024இல் லா சினெஃப் முதல் பரிசு வாங்கிய சிதானந்த நாயக், மருத்துவம் படித்துவிட்டு புனேவில் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தவர். மாணவர் பிரிவு என்ற அந்த வாசல் பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும். கேமரா கிடைக்கும், ராத்திரி முழுக்கக் கூட உட்கார ஆள் கிடைக்கும். புனே, கொல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரில் இருக்கும் இன்ஸ்டிட்யூட், நம் தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரி, இந்த மூன்றில் எதில் இடம் கிடைத்தாலும் போங்கள். ஆனால் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டித் தனியாரிடம் சேர வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு படமே எடுக்கலாம்.

கே: 'கூழாங்கல்' மாதிரி ஒரு சின்னப் படம் ராட்டர்டாம் வரைக்கும் எப்படிப் போகிறது? யாராவது பெரிய ஆள் சிபாரிசு வேண்டுமா?
— வாசகர், மதுரை

ப: சிபாரிசு வேறு, பார்க்க வேண்டியவர் கண்ணில் படுவது வேறு. இரண்டாவதற்கு வழிகள் இருக்கின்றன. கோவாவில் நவம்பரில் இந்திய சர்வதேச விழா நடக்கும்போதே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியின் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தை நடக்கிறது, 2007இலிருந்து. எடிட்டிங் முடியாத படத்தைக்கூட அங்கே கொண்டுபோகலாம். வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் தேர்வு செய்பவர்கள் அங்கே வந்து, வியூயிங் ரூமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாகப் பார்ப்பார்கள். 'கூழாங்கல்' அந்த வழியாகவும் வந்த படம்தான். நயன்தாரா, விக்னேஷ் சிவனின் ரவுடி பிக்சர்ஸ் பிறகுதான் கைகொடுத்தது.

இன்னொரு வழி, கதையாக இருக்கும்போதே நிதி கேட்பது. ராட்டர்டாம் விழாவுக்கு ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட் என்று ஒன்று 1988இலிருந்து இருக்கிறது. கோயம்புத்தூர் அருண் கார்த்திக் 'நசீர்' படத்துக்கு அந்த உதவி வாங்கினார். எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையை வைத்து எடுத்த படம். 2020இல் ராட்டர்டாமில் திரையிடப்பட்டு, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதும் வாங்கியது. நிதிக்கு விண்ணப்பிக்கும்போது திரைக்கதையோடு இயக்குநரின் குறிப்பு ஒன்று கேட்பார்கள். இந்தக் கதையை ஏன் நீங்கள் எடுக்க வேண்டும் என்பதற்கான பதில் அது. வினோத்ராஜிடம் அந்தப் பதில் இருந்தது. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே தாய்வீடு வந்த தன் அக்காவின் நடையிலிருந்துதான் அந்தப் படம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். யாரிடமிருந்தோ இரவல் வாங்கிய கோபம் இல்லை அது. 75 நிமிடத்தில் படம் முடிந்துவிடுகிறது. ஒரு ஃபிரேம்கூட வளவளவென்று இல்லை.

தேர்வுக் குழுவில் எனக்கு வரும் படங்களில் நிறைய ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன. ட்ரோனில் ஊர், பிறகு புல்லாங்குழல், பிறகு ஒரு கிழவியின் சுருக்கம் விழுந்த முகம். வெளிநாட்டுக்காரர்கள் வறுமையைத்தான் விரும்புவார்கள் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' சென்னையில் வளரும் ஒரு பெண்ணின் கதை, 2025இல் ராட்டர்டாம் டைகர் போட்டியில் இருந்தது. வெற்றிமாறனின் 'விசாரணை' 2015இல் வெனிஸுக்குப் போனது. இரண்டுக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது, எடுத்தவருக்கு அந்த உலகம் நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர. மதுரையில் உங்களுக்குத் தெரிந்த தெரு எது? அதில் எனக்குத் தெரியாத எது நடக்கிறது? அந்தப் படத்தை அனுப்புங்கள், இரவு எத்தனை மணியானாலும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

கே: யாழ்ப்பாணத்தில் நண்பர்கள் சேர்ந்து முதல் முழுநீளப் படம் முடித்திருக்கிறோம். முதலில் எங்கே அனுப்ப வேண்டும்? யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

ப: யூடியூபில் போடாதீர்கள், இப்போதைக்கு. பெரிய விழாக்கள் தங்கள் போட்டிப் பிரிவுக்கு உலகில் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கும், அல்லது சொந்த நாட்டுக்கு வெளியே காட்டாத படத்தை. அதனால் வரிசை முக்கியம். ராட்டர்டாம் ஜனவரிக் கடைசி, பெர்லின் பிப்ரவரி, கான் மே, லொகார்னோ ஆகஸ்ட், வெனிஸ் ஆகஸ்ட் இறுதி, அதற்குப் பிறகு டொரன்டோ, பூசான். விண்ணப்பக் கடைசித் தேதி இவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே வந்துவிடும். உங்கள் படத்துக்குப் பொருந்தும் என்று மனதாரத் தோன்றும் ஒன்றிரண்டு பெரிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் வருடக்கணக்கில் படத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் ஊரிலேயே 2015இலிருந்து யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நடக்கிறது. திருவனந்தபுரமும் சென்னையும் இருக்கின்றன. யாருடைய கதையை எடுத்தீர்களோ அவர்கள் முதலில் பார்ப்பது எந்தச் சிவப்புக் கம்பளத்துக்கும் குறைந்தது இல்லை என்பது என் கட்சி.

கே: வெளிநாட்டு விழாவுக்கு அனுப்ப சென்சார் சான்றிதழ் வேண்டுமா?
— வாசகர், வேலூர்

ப: வெளிநாட்டில் காட்ட நம் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. இந்தியாவுக்குள் நடக்கும் விழா என்றால், சான்றிதழ் இல்லாத படங்களுக்கு விழாக்காரர்களே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்குவார்கள்.

கே: சப்டைட்டிலை நாங்களே போட்டுக்கொள்ளலாமா? ஒரு மென்பொருளில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

ப: என் தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். தேர்வுக் குழுவில் தமிழ் தெரியாதவர் உங்கள் படத்தைச் சப்டைட்டில் வழியாகத்தான் பார்க்கிறார். நடிகர் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் கீழே இருப்பது பிழையாக இருந்தால் படமே அரைகுறை என்று நினைத்துவிடுவார். மென்பொருள் தருவதை முதல் வரைவாக வைத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பேச்சும் மதுரைப் பேச்சும் அதற்குப் பிடிபடுவதில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவரை விட்டுவிடும்.

நான் செய்வது இதுதான். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போட மாட்டேன், ஒரு வரி நாற்பது எழுத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். பேசுகிற எல்லாவற்றையும் எழுத மாட்டேன். சண்டைக் காட்சியில் ஒருவர் ஒரே விஷயத்தை நான்கு முறை கத்தினால் ஒரு முறை போதும், மீதி நேரம் பார்வையாளர் முகத்தைப் பார்க்கட்டும். ஷாட் மாறும்போது வரியும் மாறினால் கண்ணுக்குச் சுகம். சுவரொட்டியோ மருத்துவமனைச் சீட்டோ கதைக்கு முக்கியம் என்றால் அதையும் எழுத வேண்டும், நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், நொடிக்கு 24 ஃபிரேமில் இருக்கும் படத்துக்கு 25 ஃபிரேமில் தயாரித்த சப்டைட்டில் கோப்பைக் கோத்தால் ஆரம்பத்தில் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். அனுப்பும் முன் படத்தைக் கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள். கடைசியாக, தமிழே தெரியாத ஒருவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே வேலை இருக்கிறது.

கே: என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சினிமாதான் என்று நிற்கிறான். விழாவுக்குப் படம் எடுப்பேன் என்கிறான். அதில் சோறு கிடைக்குமா? எங்கள் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளம்தான்.
— ஒரு தாய், திருப்பூர்

ப: அம்மா, விழாக்களை நம்பி மட்டும் வாழ முடியாது. ராட்டர்டாம் டைகர் விருதுக்கு 40,000 யூரோ பரிசு, அதுவும் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து. உலகம் முழுக்க வருடத்துக்கு ஒரு படத்துக்குத்தான் அது. பெரும்பாலான விழாக்களில் கிடைப்பது கைதட்டலும், சில சமயம் தங்கும் அறையும். அதனால் மகனிடம் "சினிமா வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், "சினிமாவில் எந்தக் கைத்தொழில் கற்றுக்கொள்ளப் போகிறாய்" என்று கேளுங்கள். எடிட்டிங், ஒலிப்பதிவு, கலர் கரெக்‌ஷன், திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி (டிசிபி) தயாரிப்பு, சப்டைட்டில், இவற்றில் ஒன்று கையில் இருந்தால் மாதாமாதம் வாடகை கட்டலாம், தன் கதையையும் எழுதலாம். ஷூட்டிங்கிலேயே ஒலி பிடிக்கத் தெரிந்த ஆட்களுக்குச் சென்னையில் எப்போதும் தட்டுப்பாடு. இன்ஜினியரிங் படித்த பையனுக்கு அது சீக்கிரம் வரும். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லினுக்குப் போனது, அதில் பின்னணி இசையே கிடையாது. முழுப் படத்தையும் சுற்றுப்புற ஒலிதான் தாங்குகிறது. அவனை அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேச விழா நடக்கும். டெலிகேட் பாஸ் வாங்கினால் ஒரு வாரம் உலகப் படங்கள் பார்க்கலாம், மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. காலைக் காட்சிக்கே வரிசை தெருவரை நிற்கும். பதிவு வழக்கமாக நவம்பரில் தொடங்கும், சீக்கிரம் முடிந்தும்விடும். அவனை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கம்பெனியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போய் வாருங்கள். அவன் எதற்காக நிற்கிறான் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.