பதின்மூன்றாம் சுரமும் நான்கு விரல்களும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்துவருகிறேன். சி 7 வரை சிரமம் இல்லை. ஆனால் சி 13-க்கு ஏழு சுரங்கள் என்று பாடநூலில் இருக்கிறது. நான்கு விரல்களால் அதை எப்படி வாசிப்பது?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஏழையும் அழுத்த வேண்டியதில்லை. கிட்டாரில் இத்தகைய கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரத்தொகுப்புகளை) கற்பது என்பது, பெரும்பாலும், எந்தச் சுரங்களை விடலாம் என்று கற்பதுதான். சி 13-இன் சுரங்கள் சி, ஈ, ஜி, பி ஃப்ளாட் (அரைச்சுரம் இறங்கிய பி), டி, எஃப், ஏ. சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் இவை ஹரிகாம்போதியின் ஏழு சுரங்களே. ராகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது இனிக்கும் அந்தர காந்தாரமும் சுத்த மத்தியமமும், அதாவது ஈ-யும் எஃப்-பும், ஒரே நேரத்தில் ஒலித்தால் அரைச்சுர நெருக்கத்தில் உரசிக்கொள்ளும் என்பதால், எஃப்-பை முதலில் விட்டுவிடுங்கள். பஞ்சமமான ஜி இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது. டி-யும் கட்டாயமல்ல. பேஸ் கிட்டார் வாசிப்பவர் உடன் இருந்தால் சி-யைக்கூட அவரிடம் விட்டுவிடலாம். ஈ-யையும் பி ஃப்ளாட்டையும், பதின்மூன்றாம் சுரமான ஏ-யையும் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அடுத்து எஃப் கார்டில் போய் அமரவேண்டும் என்ற தவிப்பு ஈ-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் இடையிலான மூன்று முழுச்சுர இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

இனி விரல்களுக்கு வருவோம். ஆறாம் (மிகத் தடித்த) தந்தியில் எட்டாம் ஃப்ரெட்டை (கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தை) சுட்டுவிரலாலும், நான்காம் தந்தியில் அதே ஃப்ரெட்டை நடுவிரலாலும், மூன்றாம் தந்தியில் ஒன்பதை மோதிர விரலாலும், இரண்டாம் தந்தியில் பத்தைச் சுண்டுவிரலாலும் அழுத்துங்கள். சுட்டுவிரலின் நுனி ஐந்தாம் தந்தியை லேசாகத் தொட்டு அடக்கட்டும்; முதல் தந்தியும் ஒலிக்கக் கூடாது. இதுவே சி 13.

சி 9 இன்னும் எளிது: ஐந்தாம் தந்தியில் மூன்று, நான்காம் தந்தியில் இரண்டு, மூன்றாம், இரண்டாம் தந்திகளில் மூன்று. இதில் இரண்டாம் தந்தியின் சுரத்தை ஒரு ஃப்ரெட் ஏற்றினால் ஷார்ப் 9, ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஃப்ளாட் 9. ஒரே ஒரு சுரம் நகர்ந்ததும் கார்டின் முகமே மாறுவதைக் காதால் கேட்டுப் பழகுவது, நூறு கார்டுப் படங்களை மனப்பாடம் செய்வதைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தனியாக வாசித்தால் வருகிறது, பாட்டின் நடுவே கார்டு மாற்றும்போது கை தடுமாறுகிறதே?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: கார்டைத் தனியாகப் பழகாமல், அதன் முன்னும் பின்னும் வருபவற்றோடு சேர்த்துப் பழகுங்கள். டி மைனர் 7-க்கு ஐந்தாம் தந்தியில் ஐந்து, மூன்றாம் தந்தியில் ஐந்து, இரண்டாம் தந்தியில் ஆறு. அதிலிருந்து ஜி 13-க்கு வரும்போது மேலிரண்டு சுரங்களும் (மூன்றாம், இரண்டாம் தந்திகளில் உள்ளவை) ஒவ்வொரு ஃப்ரெட் இறங்கி நான்கிலும் ஐந்திலும் நிற்க, ஆறாம், நான்காம் தந்திகளில் மூன்றாம் ஃப்ரெட் சேரும். அடுத்து சி மேஜர் 7-க்கு அந்த மேலிரண்டு விரல்களையும் எடுக்கவே வேண்டாம். அடிச்சுரத்தை ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு மாற்றி, நான்காம் தந்தியை அடக்கினால் போதும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, கார்டுக்கு நான்கு தட்டுகள் வீதம் தொடங்குங்கள். மாறும் இடத்தில் ஒலி அறுபடாமல் வந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.