ஒவ்வாமை இல்லாத மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே: ஒரு வாரமாகியும் பலன் இல்லை, நிறுத்திவிடலாமா?

அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துக்கு ஒரு வாரம் போதாது.

எனக்கும் பல ஆண்டுகளாக இதே தொல்லைதான். ஊதுபத்திப் புகை, மிளகாய் வறுக்கும் நெடி, ஏசி அறையின் குளிர், எது பட்டாலும் மூக்கு அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் தண்ணீராக ஒழுகும். தோல் சோதனையிலும் இரத்தச் சோதனையிலும் ஒவ்வாமை இல்லை என்றே வந்தது. ஒவ்வாமைக்குத் தரும் செடிரிசின் மாத்திரை தூக்கத்தைத் தந்ததே தவிர மூக்கைத் திறக்கவில்லை. புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரேதான் எனக்குக் கைகொடுத்தது. அதன் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். மூக்கு நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் அடிக்க வேண்டும்.

அடிக்கும் விதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்குங்கள். தலையை அண்ணாந்துவிடாமல் சற்றே குனியுங்கள். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. இப்படிக் கை மாற்றிப் பிடித்தால் முனை தானாகவே அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். மருந்து நடுச்சுவரில் படாது. அங்கேயே தினமும் பட்டால்தான் புண்ணாகி இரத்தம் கசிகிறது. அடித்தவுடன் பலமாக உறிஞ்சவும் வேண்டாம். தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து மூக்கில் தங்கவில்லை என்று பொருள்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பலர் பயப்படுகிறார்கள். புளூட்டிகசோன் ஸ்பிரேயில் பொதுவாக ஓர் அழுத்தத்துக்கு 50 மைக்ரோகிராம்தான். மாத்திரைகளோ மில்லிகிராம் கணக்கு. உடலில் கலப்பது மிகக் குறைவு. கண் அழுத்தமோ கண்புரையோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால், இது எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வாமை இல்லாத வகையில் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கான சான்றுகள் உறுதி குறைந்தவை என்றே 2019இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. ஒரு மாதம் ஒழுங்காக அடித்தும் மாற்றமில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அசெலாஸ்டின் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு ஸ்பிரே பற்றிக் கேளுங்கள். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் அது பயன்படுகிறது. வெறும் ஒழுகல்தான் தொல்லை என்றால் ஒழுகலைக் குறைக்கும் இப்ராட்ரோபியம் ஸ்பிரே பொருத்தமாக இருக்கலாம்.

இதற்கிடையில் கடையில் கிடைக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை மட்டும் நாள்கணக்கில் விட்டுக்கொள்ளாதீர்கள். உடனே மூக்கு திறக்கும், உண்மைதான். ஐந்து நாட்களைத் தாண்டினால் அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும்.