ஜமீன்தார் சுப்பராயனின் பிள்ளைகள் கம்யூனிஸ்டுகளானது எப்படி?

கேள்வியில் ஒரு சின்ன திருத்தம்: எல்லாப் பிள்ளைகளும் அல்ல. மூத்த மகன் பி.பி. குமாரமங்கலம் ராணுவத்தில் சேர்ந்து, 1966-ல் தரைப்படைத் தளபதியானார். கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனவர்கள் மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும்.

ப. சுப்பராயன் (1889–1962) திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து வழக்கறிஞரானவர், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சர்.

என் பார்வையில், இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள அவருடைய மனைவி ராதாபாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். மங்களூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள் அவர். கொங்கு வேளாளரான சுப்பராயன் சாரஸ்வத பிராமணப் பெண்ணை மணந்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. ராதாபாய் 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1938-ல் மத்திய சட்டமன்ற மேலவைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகள் சொந்தமாக யோசித்ததில் வியப்பில்லை.

அப்புறம், 1930களின் இங்கிலாந்து. பாசிசம் வளர்ந்துவந்த அந்த நேரத்தில் பல்கலைக்கழகங்களில் இடதுசாரி அலை வீசியது. மோகன் கேம்பிரிட்ஜிலும் பார்வதி ஆக்ஸ்ஃபோர்டிலும் அதில் கலந்தார்கள். ஊர் திரும்பிய மோகன், கம்யூனிஸ்டுகள் மீது பிரிட்டிஷ் அரசு போட்ட சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றார். பார்வதி தொழிற்சங்கத் தலைவராக வளர்ந்து, கோவை மக்களவை உறுப்பினரும் ஆனார். தந்தையோ காங்கிரஸ்காரர், 1947-ல் சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூரார் அமைச்சரவையில் காவல்துறையைக் கையில் வைத்திருந்தவர்!

மோகன் பின்னாளில் காங்கிரசில் சேர்ந்து, இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறையைக் கவனித்தார். 1973-ல் டெல்லி விமான விபத்தில் இறந்தார்.