கும்மட்டத்தை அளந்தா பாடினார்கள்?

கேள்வி: இத்தாலியின் ஃபிளாரன்ஸ் பேராலயக் கும்மட்டத்தின் அளவுகளை அப்படியே இசையாக்கி, ஆலய அர்ச்சிப்பு (புனிதப்படுத்தும்) விழாவில் பாடினார்களாமே, உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விழாவும் பாட்டும் உண்மை. கும்மட்டக் கதையைத்தான் நான் ஏற்கவில்லை.

1436 மார்ச் 25 அன்று பாப்பரசர் நான்காம் யூஜின், சாந்தா மரியா தெல் ஃபியோரே என்ற அந்த ஃபிளாரன்ஸ் பேராலயத்தை அர்ச்சித்தார். அதற்காக, அவருடைய பாடகர் குழுவில் இருந்த கியோம் டியூஃபே இயற்றிய லத்தீன் பாட்டு 'நூப்பர் ரோசாரும் ஃப்ளோரெஸ்'. பாப்பரசர் பரிசளித்த பொன் ரோஜாவைச் சொல்லித் தொடங்குகிறது. 'பிரம்மாண்டமான அமைப்புடைய ஆலயம்' என்று ஒரு வரி வருகிறது. கும்மட்டம் என்ற சொல்லே இல்லை. கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கியின் கும்மட்டம் அன்று முழுதாக மூடப்படவும் இல்லை. அது முடிந்தது ஆகஸ்டில்.

நான்கு குரல்களில் கீழே உள்ள இரண்டும், ஆலய அர்ச்சிப்புத் திருப்பலியின் வருகைப் பாடலை நீட்டி நீட்டிப் பாடுகின்றன. விவிலியத்தில் ஏணிக் கனவு கண்டு விழித்த யாக்கோபு, இந்த இடம் எவ்வளவு அச்சத்துக்குரியது என்று நடுங்கிச் சொன்ன சொற்களே அதன் தொடக்கம். அதே மெட்டு நான்கு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அது எடுத்துக்கொள்ளும் காலம் மட்டும் 6:4:2:3 என்ற விகிதத்தில் மாறுகிறது.

பேராலயத்தின் நீளத்திலும் கும்மட்டத்தின் உயரத்திலும் இந்த விகிதம் இருப்பதாக 1973-இல் இசை ஆய்வாளர் சார்லஸ் வாரன் எழுதினார். கேட்க அழகாக இருந்ததால் ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த அளவுகள் கட்டடத்தோடு பொருந்தவில்லை என்று 1994-இல் இன்னொரு இசை ஆய்வாளர் கிரெய்க் ரைட் காட்டினார். விகிதம் வேறிடத்தில் இருக்கிறது. விவிலியத்தில் சாலமோன் கட்டிய ஆலயத்துக்கு நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. கருவறைக்கு முன்னிருந்த கூடம் 40. 60, 40, 20, 30. வேறு விளக்கம் எதற்கு? அர்ச்சிப்புச் சடங்கே சாலமோனின் ஆலயத்தை நினைவூட்டுவதுதான். டியூஃபேயும் குருப்பட்டம் பெற்றவர். அந்த எண்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். அவரைக் கொத்தனாரின் அளவுகோலுக்குப் பின்னால் நிறுத்துவது அவருடைய பக்தியையும் படிப்பையும் குறைத்து மதிப்பதாகும் என்பதே என் கருத்து.

பாட்டைத் தேடிக் கேளுங்கள். ஒவ்வொரு பகுதியும் மேல்குரல்கள் இரண்டோடு மட்டும் தொடங்கும். பொறுத்திருங்கள், கீழ்க்குரல்கள் வந்து சேரும். அப்போது அவற்றையே பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் மலைபோல் அசையாமல் நிற்பவை மூன்றாம் பகுதியில் விரையும், நான்காவதில் மீண்டும் சற்று நிதானிக்கும்.