சயாம் ரயில்பாதையில் போர்க்கைதிகள் எப்படிப் பிழைத்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி சயாம்-பர்மா (இன்றைய தாய்லாந்து-மியான்மர்) ரயில்பாதை போட்ட கைதிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே அடி உதையைவிட அதிகம் பேரைக் கொன்றது காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியா, பெரிபெரிதான். 1942-43இல் 415 கிலோமீட்டர் பாதை. சுமார் 60,000 கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மற்றவர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு கூடவே சிறைப்பட்ட ராணுவ மருத்துவர்களுக்கும் முகாம் கட்டுப்பாட்டுக்கும் உண்டு. சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். கொதிக்காத தண்ணீரைத் தொடக்கூடாது. தீட்டிய அரிசியே தின்று பெரிபெரி வந்து கால் வீங்கியவர்களுக்குத் தவிடுதான் மருந்து, வைட்டமின் பி1 சத்து அதில்தான். (பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தவிடு முழுதும் நீக்காத மட்ட அரிசி சாப்பிடும் எங்களுக்கு இது சட்டென்று புரியும்.)

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களுக்கோ போதிய மருத்துவரும் இல்லை, அவர்களுக்காகப் பேச அதிகாரியும் இல்லை. கைதிகளைவிட அவர்களே பல மடங்கு செத்தார்கள்.