கேளுங்கள் சொல்கிறேன்: கண்ணாடி சோப்பா, வெள்ளை சோப்பா?

கேள்வி: அண்ணா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். சவரம் செய்ய டப்பா ஃபோம் சலித்துப் போய், எங்கள் தாத்தா மாதிரி பிரஷ், சோப்பு என்று மாறி ஆறு மாதம் ஆகிறது. முதலில் வாங்கியது கண்ணாடி போல இருக்கும் கிளிசரின் சோப்பு. நுரை மளமளவென்று வருகிறது, ஆனால் ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னத்தில் காய்ந்துவிடுகிறது. அப்புறம் நண்பர் ஒருவர் கொடுத்த வெள்ளை சோப்பில் நுரை கெட்டித் தயிர் மாதிரி நின்றது. அதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று அக்கா டப்பாவைப் படித்துச் சொல்ல, "புரட்டாசி விளக்கு ஏற்றுகிற வீட்டில் இது வேண்டாம்" என்று அம்மா வெளியே வைத்துவிட்டார். கிளிசரின் சோப்பு சைவம்தானே? அதிலேயே நல்ல நுரை வர வழி உண்டா?

பதில்: அம்மா பக்கம்தான் நான், தம்பி. ஆனால் கிளிசரின் என்றாலே சைவம் என்று நினைக்காதீர்கள். எந்த எண்ணெயைக் காஸ்டிக் சோடா மாதிரியான காரத்தோடு சேர்த்தாலும், எந்தக் கொழுப்பைச் சேர்த்தாலும், சோப்போடு கிளிசரினும் கூடவே பிறக்கும். பெரிய ஆலைகளில் உப்புப் போட்டு அதைத் தனியே பிரித்து மருந்துக்கும் கிரீமுக்கும் விற்கிறார்கள். ஆக, அது தேங்காயிலிருந்தும் வந்திருக்கலாம், மாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். நண்பர் கொடுத்த வெள்ளை சோப்பின் பட்டியலிலும் பாருங்கள், கிளிசரின் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கண்ணாடி மாதிரி தெரிவதற்குக் கிளிசரின் மட்டும் போதாது. உறையும்போது சோப்பு படிகம் கட்டினால் வெளுத்துவிடும், அதைத் தடுக்கத்தான் சர்க்கரை, ஆல்கஹால், புரொப்பிலீன் கிளைக்கால் என்று எதையாவது கலக்கிறார்கள். இவையெல்லாம் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கட்டியில் நிஜமான சோப்பு எவ்வளவு மிஞ்சும்? உங்கள் கன்னத்தில் நுரை காய்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். மேலே பார்த்தால் மலை மாதிரி நுரை, உள்ளே எல்லாம் காற்று.

தயிர் நுரையின் சூட்சுமம் ஸ்டியரிக் அமிலம். மாட்டுக் கொழுப்பில் அது தாராளமாக இருப்பதால்தான் பழைய சவர சோப்புக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதோடு காரமும் முக்கியம். குளிக்கிற சோப்புக்கு சோடியம் காரம் போதும், கட்டி கெட்டியாக வரும். சவர சோப்பில் பொட்டாசியம் காரமும் சேர வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து பிரஷ்ஷில் ஏறும். ஸ்டியரிக் அமிலத்துக்கு மாடுதான் வேண்டும் என்று இல்லை, பனை எண்ணெயிலிருந்து எடுத்தது சந்தையில் நிறையவே இருக்கிறது, கொக்கோ வெண்ணெயிலும் ஷியா வெண்ணெயிலும் மாட்டுக் கொழுப்பைவிட அதிகம்.

அதனால் என் யோசனை: இரண்டையும் விட்டுவிட்டு, தாவரக் கொழுப்பில் செய்த வெள்ளை சவர சோப்பு ஒன்று வாங்குங்கள். பட்டியலில் 'டாலோவேட்' என்று முடிகிற பெயர் இருந்தால் அது மாடு, 'லார்டேட்' என்றால் பன்றி, 'பாமேட்' என்றால் பனை. வெறுமனே 'ஸ்டியரிக் ஆசிட்' என்று மட்டும் போட்டிருந்தால் எதையும் சொல்ல முடியாது, தாவரம் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

கையில் இருக்கிற கிளிசரின் கட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு, கிட்டத்தட்ட ஈரமில்லாமலே அரை நிமிஷம் சோப்பில் சுற்றுங்கள், பசை மாதிரி ஏறட்டும். அப்புறம் முகத்தில் தேய்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். பெரும்பாலும் நாம் செய்கிற தப்பு முதலிலேயே பிரஷ்ஷைச் சொட்டச் சொட்ட நனைப்பதுதான். ஒரே நேரத்தில் முகம் முழுக்கப் பூசாமல் ஒவ்வொரு பக்கமாகப் போடுங்கள். நுரை மெலிந்திருந்தாலும் கிளிசரின் சோப்பில் வழுக்கல் நன்றாகவே இருக்கும், பிளேடு ஓடுவதற்கு அதுதானே முக்கியம்.

ஒன்று கேட்கட்டுமா? பிரஷ் என்ன முடி? பேட்ஜர் என்கிற பிராணியின் முடியாகவோ பன்றி முடியாகவோ இருந்தால் அதையும் அக்கா கண்ணில் காட்டாதீர்கள். செயற்கை நார் பிரஷ் இப்போது நன்றாகவே வருகிறது, சீக்கிரம் காயவும் செய்கிறது.

கேள்வி: டோங்காட்டில் இருக்கிறோம். கணவரின் கிளிசரின் சோப்பு எப்போது பார்த்தாலும் வியர்த்துக் கிடக்கிறது, மூன்றே வாரத்தில் பாதி போய்விட்டது. கெட்டுப்போன சோப்பா?

பதில்: கெடவில்லை அம்மா. கிளிசரினுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற குணம், பிப்ரவரி மாதக் கோடையில் நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? குளியலறையை விட்டு வெளியே எடுத்து, அடியில் ஓட்டையுள்ள தட்டில் வையுங்கள். ஈரமாக மூடி போட்டு வைக்கவே வேண்டாம். உருளைகளில் அரைத்து அழுத்திச் செய்த வெள்ளைக் கட்டி இவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆனால் அது இறுகியிருக்கும், அவர் குளிக்கப் போகும்முன் மேலே ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பியர்ஸ் சோப்பும் கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது, அதிலேயே சவரம் செய்தால் என்ன? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: செய்யலாம், அவசரத்துக்கு. 1807-இல் லண்டனில் வந்த அந்த சோப்பு குளிப்பதற்கென்று செய்தது, நுரை முகத்தில் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நான் ஒரு தடவை பயணத்தில் முயன்று பார்த்தேன். மோவாய்க்கு வருவதற்குள் மூன்று முறை பூச வேண்டியிருந்தது, ஓட்டல் துண்டில் ரத்தப் பொட்டு வேறு.