துருத் துணி வேலையும் ஆய்வு முறையும்: பேட்டி எடுக்கப் போகாதீர்கள்

உங்கள் கலை ஆய்வுக்காக எட்டு மாதமாகத் துணியில் துருவைப் படியவைத்து வேலை செய்திருக்கிறீர்கள், ஆனால் ஆய்வு வழிகாட்டி "ஆய்வு முறை என்ன?" என்று கேட்டதும் பேட்டி, கேள்வித்தாள் என்று தேட ஆரம்பித்துவிட்டீர்கள். அது வேண்டாம். 1993இல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் என்கிற பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று பிரித்துச் சொன்னார். உங்களுடையது இரண்டாவது, அதாவது செய்வதே முறை.

ஆனால் செய்ததற்குத் தடயம் வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் தேதி, எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது, துருப்பிடிக்கச் சேர்த்தது உப்பா வினிகரா, எங்கே நிறுத்தினீர்கள், ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று அன்றன்றே எழுதுங்கள், கிழிந்து போனதையும் படம் எடுத்து வையுங்கள் (நான் என்னுடையதை எறிந்துவிட்டு, வெறும் ஞாபகத்தை வைத்து ஒரு அத்தியாயம் எழுதி மாட்டிக்கொண்டேன்). அந்த 'ஏன்' இல்லாவிட்டால் அது வேலைக் குறிப்பு மட்டும்தான்.

அப்புறம், ஆய்வுக் கேள்வி என்று நீங்கள் வைத்திருக்கும் "நினைவும் துருவும்" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. துரு அரித்துக்கொண்டே இருந்தால் படைப்பு முடிந்தது என்று எப்போது சொல்வது? இப்படி, செய்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும் என்கிற மாதிரி ஒன்றைப் பிடியுங்கள்.

பழைய மாதங்களுக்கு போனில் உள்ள படங்களைத் தேதிப்படி அடுக்கிக் குறிப்பு எழுதலாம், பின்னால் எழுதியது என்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.